அஞ்சறைப் பெட்டியில் அந்நிய பாஷை

தருமபுரி ஜில்லாவில், தென்பெண்ணை ஆற்றுக்கு அருகிலுள்ள கம்பைநல்லூரிலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முழுசாக மூன்று பக்கம். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விஷயந்தான் மனத்தைச் சங்கடப்படுத்துகிறது.

அவருடைய மூத்த புதல்வி நர்ஸ் படிப்புத் தேறி, இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஜெர்மனி தேசத்தில் நர்ஸுகளுக்குப் பெரும் பஞ்சம். போனால் நல்ல சம்பளம் உண்டு. ஆனால் அங்கே முழு நர்ஸாகப் பதிவு பெற வேண்டுமானால், பொதுவாக ஜெர்மன் பாஷையில் 'பி-2' என்னும் படி வரையில் தேறியிருக்க வேண்டும். ஒரு தரகர் வீட்டைத் தேடி வந்தார். "பாஷையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அம்மா! முப்பது நாளில் வந்துவிடும். வராவிட்டாலும் மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அம்மாள் கை வளையல்களை அடகு வைத்து முன்பணம் கொடுத்தார். முப்பது நாள் போயிற்று. தொண்ணூறு நாளும் போயிற்று. பெண்ணோ ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை முதல் விளக்கு வைக்கும் வரையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். புதன்கிழமை கேட்டால் பாதி நினைவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புஸ்தகத்தைத் திறந்தால் எல்லாம் புதிதாக இருக்கிறது. "எனக்கு மூளை இல்லை, அம்மா" என்று சொல்லி அழுகிறாளாம்.

தாயார் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அவளுக்கு உண்மையிலேயே பாஷை வராதா? படிக்கிற முறையில் ஏதாவது பிசகு இருக்கிறதா? தரகருக்கு இன்னும் பணம் கொடுக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்: கொடுக்க வேண்டாம், அம்மணி. "பாஷை வராவிட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் நமக்குச் செய்வது உதவியல்ல; நம்மைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ள வழி தேடுகிறார் என்றே கொள்ள வேண்டும். இதற்குத் தங்கள் சீமையிலேயே ஒரு பழைய கதை உண்டு.

துபாஷியும் துரையும்

1792-ஆம் வருஷத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி, தருமபுரியை உள்ளிட்ட பாராமகால் சீமையைத் திப்பு சுல்தான் கும்பெனியாருக்கு விட்டுக்கொடுக்கும்படி நேர்ந்தது. சீமை கைக்கு வந்தது; அதை நிர்வகிக்க ஆள் வேண்டுமே! சென்னையில் கும்பெனியின் சிவில் உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களில் அநேகருக்கு இந்நாட்டுப் பாஷை ஒன்றும் தெரியாது. துபாஷி சொன்னதுதான் அவர்களுக்குச் செய்தி. துபாஷி காட்டிய இடந்தான் அவர்களுக்குக் கையெழுத்திடும் இடம். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு இதை அறிந்து, அவர்களை ஒதுக்கிவிட்டுப் பாஷை தெரிந்த ராணுவ அதிகாரியான காப்டன் அலெக்ஸாண்டர் ரீடைப் பாராமகாலுக்கு அனுப்பினார். அவருக்கு உதவியாக வந்த மூன்று ராணுவ அதிகாரிகளில் ஒருவர்தான் பிற்காலத்தில் சென்னைக் கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோ. அவர் பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் முன்னமே பயின்றவர். 1799 வரையில் ஏழு வருஷம் இந்தச் சீமையில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தங்கி, நிலத்தையும் குடிகளையும் நேரே கண்டு வரித்திட்டம் செய்தார்.

மன்றோ கற்ற பாஷை கும்பெனியின் கஜானாவுக்குத்தான் பயன்பட்டது. அதை நாம் மறக்கவில்லை. ஆயினும் அந்தக் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய சாரம் ஒன்று உண்டு. பாஷை தெரியாத எஜமானனும் துபாஷிக்கு அடிமை. பாஷை தெரிந்த சேவகனும் தன் காரியத்துக்குத் தானே எஜமானன். ஆளவந்த அந்நியனுக்கே இந்த கதியானால், பிழைக்கப் போகும் நம் பெண்ணின் கதி என்ன? நாளைக்கு ஜெர்மனியில் அவள் முன்னே ஓர் ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டுவார்கள். வேலை நேரம் எவ்வளவு, சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு, நடுவில் விலகினால் அபராதம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை அவளே வாசிக்க வேண்டும். தரகர் வாசித்துச் சொல்லக் கூடாது.

ஆகவே, பாஷை பரீட்சைக்காக மாத்திரம் அல்ல; பாதுகாப்புக்காகவும்தான்.

முப்பது நாள் மாயம்

இனி, முப்பது நாள் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க சர்க்கார் வெளிநாடு செல்லும் தன் உத்தியோகஸ்தர்களுக்குப் பல தேச பாஷைகளைக் கற்பிக்க ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் வேறு வேலையின்றி வகுப்பில் அமர்ந்து கற்றாலே, ஜெர்மன் பாஷையைக் காரியத்துக்கு உதவும்படி கற்க ஏறக்குறைய 36 வாரம் ஆகும் என்பது அந்த நிலையத்தின் அனுபவக் கணக்கு. நம் தமிழுக்கு 44 வாரம். ஜப்பானியத்துக்கு 88 வாரம். ஆங்கிலம் ஜெர்மனுக்குத் தங்கை முறை. தங்கைக்கே 36 வாரமானால், உறவு இல்லாத நமக்கு முப்பது நாள் என்பது எப்படிப் பொருந்தும்?

"அப்படியானால் சீக்கிரம் கற்கவே முடியாதா?" என்று கேட்கலாம். முடியும். ஆனால் 'சீக்கிரம்' என்பதன் பொருள் வேறு. பத்துப் படி நெல் குத்தினால் பத்துப் படிக்குள்ள அரிசி வீட்டுக்கு வர வேண்டும். பாதி உமியோடு போய்விடக் கூடாது. கற்றது கற்றபடி தங்குமானால் அதுவே சீக்கிரம். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் படித்து, சனிக்கிழமைக்குள் முக்காலே மூன்று வீசம் இழந்துவிடுவதைத்தான் தாமதம் என்று சொல்ல வேண்டும்.

மூளை இருக்கிறது

பெண்ணுக்குப் பாஷை வராதா என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. தருமபுரி ஜில்லாவே பதில் சொல்லும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைச் சீமை அது. வீட்டில் ஒரு பாஷை, சந்தையில் ஒரு பாஷை, சம்பந்தி வீட்டில் ஒரு பாஷை என்று பேசுகிறவர்கள் அங்கே ஏராளம். அந்தப் பக்கத்திலிருந்து கட்டிட வேலைக்குப் பெங்களூர் செல்லும் தொழிலாளி, இலக்கணப் புஸ்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆறு மாதத்தில் மேஸ்திரியோடு கன்னடத்தில் வழக்காடுகிறான்! அவனுக்கு எப்படி வந்தது? முதல் நாளே, "மணல் கொண்டு வா" என்று மேஸ்திரி கன்னடத்தில் கூவினார். அவன் மணல் கொண்டுபோனான். மறுநாளும் அதே வார்த்தை. அதற்கு மறுநாளும் அதே வார்த்தை. காதில் விழுந்தது, கை செய்தது, வாய் பதில் சொன்னது. தப்பாகச் சொன்னால் பக்கத்திலிருப்பவர் சிரித்தார். அடுத்த தடவை சரியாக வந்தது.

தொழிலாளிக்குத் தானாக வாய்த்த இந்தச் சூழ்நிலையை, வீட்டில் இருப்பவர் தாமாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஓர் அட்டவணை தேவை. அப்படி அட்டவணை போட்டுப் பாஷை கற்றவர் ஒருவருடைய வரலாறு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அவர் கற்ற பாஷை தமிழ்; அவர் வந்த தேசமோ, அந்தப் பெண் போக விரும்பும் அதே ஜெர்மனி!

தரங்கம்பாடியில் ஒரு மாணவர்

1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி, டேனிஷ்காரர்களின் கோட்டை இருந்த தரங்கம்பாடியில் பார்த்தலோமேயுஸ் சீகன்பால்கு என்னும் ஜெர்மானிய இளைஞர் வந்து இறங்கினார். மறுநாள் அவருக்கு இருபத்து நான்கு வயது பூர்த்தி. அவர் வந்த நோக்கம் மதப் பிரசாரம். அந்த விஷயம் வேறு. அவர் தமிழ் கற்ற விதமே இன்று நமக்கு வேண்டியது.

கடற்கரையில் அந்நாளில் போர்த்துகீசிய பாஷை வியாபாரத்துக்குப் பொதுவாக வழங்கிவந்தது. அதைக் கொண்டே காலத்தைத் தள்ளியிருக்கலாம். அவர் அதோடு நிற்கவில்லை. ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரைத் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, சிறு பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ'னா, 'ஆ'வன்னா எழுதினார். மெத்தப் படித்த மனிதர் மழலைகளோடு மணலில் உட்கார வெட்கப்படவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பாஷை கற்பதற்கு முதல் தடை புத்திக் குறைவு அன்று, வெட்கமே.

1708-ஆம் வருஷத்தில் அவர் எழுதிய ஒரு கடிதத்தில் தம் நாளை எவ்விதம் பங்கிட்டார் என்பதை விவரித்திருக்கிறார். காலை ஏழு மணி முதல் எட்டு வரையில், முன்பே கற்று எழுதிவைத்த வார்த்தைகளையும் சொற்றொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வரையில், அதற்கு முன் படித்திராத தமிழ் ஏடுகளைப் படிப்பது. அப்போது ஒரு வயோதிகப் புலவரும் ஓர் எழுத்தரும் பக்கத்தில் இருப்பார்கள். புதிய வார்த்தை வந்த உடனே எழுத்தர் குறித்துக்கொள்வார். செய்யுள் கடினமாயிருந்தால் புலவர் அதைப் பேச்சுத் தமிழில் சொல்லி விளக்குவார். ஆரம்பத்தில் அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரும் உதவினார். சாப்பிடும்போதும் ஒருவர் வாசிக்க, இவர் கேட்டுக்கொண்டிருப்பார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரையில் மறுபடி தமிழ் ஏடுகள். மாலை ஏழு முதல் எட்டு வரையில், கண்ணுக்குச் சிரமம் கொடாமல், மற்றொருவர் வாசிக்கக் கேட்பது. அதற்கும் தம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றத்தக்க நடையுள்ள ஆசிரியர்களையே அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார்.

இதன் பலன் என்ன? வந்து இறங்கிய மறு வருஷமே தமிழில் பிரசங்கம் செய்தார். 1715-ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் முற்றுப்பெற்றது. 1716-ல் அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாயிற்று. 1719-ல், முப்பத்தாறாவது வயதில், அவர் காலமாகிவிட்டார்.

"அவருக்கு நாளெல்லாம் வேறு வேலை இல்லை, என் பெண் ஆஸ்பத்திரியில் நின்று கால் வீங்கி வருகிறாளே!" என்று அந்தத் தாயார் சொல்லலாம். நியாயமே. அந்த அட்டவணையின் மணிக்கணக்கை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் ஒழுங்கை எடுத்துக்கொள்வோம். முதல் காரியம், நேற்றுக் கற்றதைத் திரும்பப் பார்ப்பது. புதுப் பாடம் அதற்குப் பிறகுதான். இரண்டாவது, வார்த்தையைத் தனியாகப் பொறுக்காமல், வாசிக்கிற வாக்கியத்திலிருந்து எடுப்பது. மூன்றாவது, அருகே ஒரு மனிதர் இருப்பது. நான்காவது, கண்ணுக்கு எவ்வளவோ, காதுக்கும் அவ்வளவு வேலை கொடுப்பது. ஐந்தாவது, இவை எல்லாவற்றையும் தினந்தோறும் செய்வது.

அஞ்சறைப் பெட்டி வைத்தியம்

நேற்றையதை முதலில் பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? இதைச் சோதித்துச் சொன்னவரும் ஒரு ஜெர்மானியரே. ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்னும் அறிஞர் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, பொருளற்ற அசைகளை நெட்டுருப் போட்டு, மறதியின் கணக்கை 1885-ஆம் வருஷத்தில் வெளியிட்டார். படித்த ஒரு மணி நேரத்திலேயே பாதிக்குமேல் நழுவிவிடுகிறது. ஒரு நாள் கழிந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. இது கம்பைநல்லூர்ப் பெண்ணுக்கு மாத்திரம் நேர்ந்த குறை அன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

அவர் கண்ட இன்னொரு கணக்கு மிகவும் ருசிகரமானது. ஒரே நாளில் 68 தடவை உருப்போட்டு அடைந்த பலனை, மூன்று நாட்களில் பங்கிட்டு 38 தடவை உருப்போட்டே அடைய முடிந்தது! ஏறக்குறையப் பாதி உழைப்பு மிச்சம். மழை ஒரே நாளில் கொட்டினால் ஓடையில் ஓடிப்போகிறது. நாலு நாள் தூறினால் நிலத்தில் இறங்குகிறது. வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டுமா?

இந்த உண்மையைக் கைக்கருவியாக்கியவர் செபாஸ்தியான் லைட்னர் என்பவர். 1972-ல் வெளிவந்த தம் புஸ்தகத்தில், ஐந்து அறைகள் உள்ள ஒரு பெட்டியைப் பற்றி அவர் எழுதினார். நமக்கு அது ஒன்றும் புதுமையல்ல. நம் வீட்டுச் சமையலறையில் கடுகும் மிளகும் வைத்திருக்கும் அஞ்சறைப் பெட்டியேதான்! பழைய பெட்டி ஒன்று சும்மா கிடந்தால் அதையே கழுவி எடுத்துக்கொள்ளலாம்.

கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்க. ஒரு பக்கம் தமிழில் அர்த்தம். மறுபக்கம் ஜெர்மன் வார்த்தை, அது வருகிற சிறு வாக்கியத்தோடு. புதிய சீட்டு எல்லாம் முதல் அறையில் விழ வேண்டும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன சீட்டு இரண்டாம் அறைக்குப் போகும். அதை மூன்று நாளைக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அதிலும் தேறினால் மூன்றாம் அறை, வாரம் ஒரு முறை. நான்காம் அறை, பதினைந்து நாளைக்கு ஒரு முறை. ஐந்தாம் அறை, மாதம் ஒரு முறை. எந்த அறையில் தவறினாலும் அந்தச் சீட்டு முதல் அறைக்கே திரும்பிவிட வேண்டும். இதனால் தெரிந்த வார்த்தைக்குக் காலம் வீணாவதில்லை. தெரியாத வார்த்தை ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. நாளொன்றுக்குப் பத்துப் புதிய சீட்டுகள் போதும். பேராசைப்பட்டு ஐம்பது போட்டால், பத்தாம் நாள் முதல் அறையில் கை நுழையாது.

தாயாருக்கும் இதில் வேலை உண்டு. அவருக்கு ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. சீட்டின் தமிழ்ப் பக்கத்தை அவர் வாசிக்க வேண்டும். பெண் ஜெர்மனில் உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு சீட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கீரை ஆய்ந்துகொண்டே செய்யக்கூடிய காரியம். சீகன்பால்குவுக்கு ஒரு புலவர் கிடைத்தார். இந்தப் பெண்ணுக்குத் தாயார் இருக்கிறார்.

ஒரு சிறு எச்சரிக்கை. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், அஃறிணை என்ற பாகுபாடு உண்டு. அதற்குப் பொருளைப் பார்த்துப் பயனில்லை. நாற்காலி ஆண்பால், கதவு பெண்பால், சிறு பெண்ணைக் குறிக்கும் 'மேட்ஷன்' என்ற சொல்லோ அஃறிணை! கோபித்துக்கொண்டு பயனில்லை. வார்த்தையைச் சீட்டில் எழுதும்போதே 'டேர்', 'டீ', 'டாஸ்' என்ற அடையாளச் சொல்லையும் சேர்த்து எழுதி, சேர்த்தே சொல்லிப் பழக வேண்டும். பிறகு பிரித்துக் கற்பது இரட்டிப்பு வேலை.

காலும் நோவும்

அடுத்தது, காதும் வாயும். நம்மவர் அந்நிய பாஷையைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு படிப்பது வழக்கம். முதல் வாரத்துக்கு அது கைத்தடி. அதற்கு மேல் அதுவே கால்விலங்கு. தமிழில் 'பம்பரம்' என்னும் சொல்லில் முதல் 'ப'வும் இரண்டாவது 'ப'வும் ஒலியால் வேறு, எழுத்து ஒன்றே. நமக்கு அது போதும். ஜெர்மானியனுக்குப் போதாது. 'பம்பர'த்தின் இரண்டாவது 'ப'வைப் போல மென்மையாகத் தொடங்கி 'பைன்' என்றால் அவனுக்குக் கால்; முதல் 'ப'வைப் போல வன்மையாகத் தொடங்கி 'பைன்' என்றால் கடும் வேதனை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன. காலையும் நோவையும் வேறுபடுத்திச் சொல்ல முடியாத நர்ஸ், நோயாளியிடம் என்ன பேச முடியும்?

ஆகவே காதால் கேட்க வேண்டும். ஜெர்மனியின் 'டாய்ச்ச வெல்லே' ஒலிபரப்பு நிலையம், பாஷை கற்போருக்கென்றே தயாரித்த பாடங்களை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதில் ஒரு நிமிஷப் பகுதியை மாத்திரம் எடுத்துக்கொண்டு, பத்துத் தடவை கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின், பேசுகிறவர் குரலோடு குரலாகத் தானும் கூடச் சொல்ல வேண்டும். பஜனையில் முன்பாட்டுக்காரரோடு சேர்ந்து பாடுகிறோமே, அதைப்போல. அர்த்தம் ஒவ்வொன்றும் விளங்க வேண்டும் என்பதில்லை. ராகம் பிடிபட்டால் வார்த்தை தானாக வந்து உட்காரும்.

'ழ'கரம் சொல்ல முடியாத ஐரோப்பியரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர்களிடமும் நம்மைச் சிரிக்கவைக்கும் உயிரெழுத்துகள் உண்டு. 'ஊ' சொல்வதற்குப் போல உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' என்று சொல்லிப் பார்க்கட்டும். அவர்களுடைய ஓர் எழுத்து கிடைத்துவிடும். கண்ணாடி முன் நின்று தினம் இரண்டு நிமிஷம் செய்யலாம். தம்பி சிரித்தால் அவனையும் சொல்லச் சொல்லலாம்!

மகாத்மாவின் வாக்குமூலம்

'படித்தால் போதாதா, பேசத்தான் வேண்டுமா?' என்று நினைப்பவர்கள் மகாத்மா காந்தியின் அனுபவத்தைக் கேட்க வேண்டும். 1896-ஆம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்தபோது, அங்குள்ள தமிழர்களோடு நெருங்கிப் பழகுவதற்காக அவர் தமிழும், முஸ்லிம்களோடு பழகுவதற்காக உருதுவும் கற்கத் தொடங்கினார். கப்பல் டாக்டர் கொடுத்த ஒரு தமிழ்ப் போதினி அவருக்கு உதவிற்று. அவரோடு சேர்ந்து உருது படித்த ஓர் ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு முறை கண்ட வார்த்தை மறப்பதில்லை. காந்தியடிகளுக்கோ எழுத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாயிருந்தது. எவ்வளவு முயன்றும் அந்த அதிகாரியை எட்டிப் பிடிக்க முடியவில்லை என்று தம் சுயசரிதத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பிறகு தென்னாப்பிரிக்கச் சிறைகளில் தமிழ்ப் படிப்பைத் தொடர்ந்து, வாசிக்கும் அளவுக்கு முன்னேறினார். ஆனால் பேசக் கற்கவில்லை. வாசிக்கக் கற்றதும் பழக்கமில்லாமல் துருப்பிடித்து வருகிறது என்று பிற்காலத்தில் வருந்தி எழுதினார்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஞாபகசக்தி குறைவு என்பது பெரியோர்க்கும் உண்டு. அதற்காக அவர்கள் புஸ்தகத்தை மூடிவிடவில்லை. இரண்டாவது, பேசாத பாஷை எவ்வளவு பாடுபட்டுக் கற்றாலும் துருவேறும். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகளாகப் பரீட்சை வைத்து, பி-2 படியில் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது வாங்க வேண்டுமென்று சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் நடக்கும் ஜெர்மன் தேர்வு கேட்பது காரணத்தோடுதான்.

தினசரித் திட்டம்

இனி, அந்தப் பெண்ணுக்கு நாம் சொல்லும் அட்டவணை இது. காலையில் காப்பி குடிப்பதற்கு முன் கால் மணி: அஞ்சறைப் பெட்டி. பஸ்ஸில் கால் மணி: காதுக்கு வேலை. ஆஸ்பத்திரியில் தனிப் பாடம் வேண்டாம். கட்டில், ஊசி, கட்டுத்துணி, தண்ணீர் என்று கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளின் ஜெர்மன் பெயரையும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் போதும். பெங்களூர்த் தொழிலாளி கற்றது இப்படித்தான். வீடு திரும்பியபின் அரை மணி: புதுப் பாடம், பத்துச் சீட்டு. இரவில் தாயாரோடு கால் மணி: சீட்டு விளையாட்டும், குரலோடு குரல் சேர்த்துச் சொல்வதும். படுக்குமுன் ஐந்து நிமிஷம்: இன்று நடந்ததை நான்கு ஜெர்மன் வாக்கியங்களில் எழுதுவது. தப்பாயிருக்கலாம்; எழுதாதிருக்கக் கூடாது. அந்தத் தாளை வாரத்தில் இரு நாள் ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்கி, அவரோடு வாய்விட்டுப் பேச வேண்டும்.

கூட்டிப் பார்த்தால் தினம் ஒன்றரை மணிக்கும் குறைவு. வாரத்துக்குப் பத்து மணி. ஞாயிற்றுக்கிழமைத் தவத்தைவிட இரண்டு மணிதான் அதிகம். ஆனால் கற்றது ஓடையில் போகாது. இரவு முறை வந்து உடம்பு முடியாத நாளில் மற்றவற்றை விட்டுவிடலாம். பெட்டியை மாத்திரம் விடக் கூடாது. ஒரு நாள் தவறினால் பாதகமில்லை, இரண்டாம் நாள் தவறக் கூடாது என்று விரதம் வைத்துக்கொள்ளட்டும். பி-2 படிக்கு இந்த வேகத்தில் ஒரு வருஷத்துக்கு மேலேயே பிடிக்கும். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பொய்யான முப்பது நாளைவிட மெய்யான ஒரு வருஷம் சீக்கிரமானது.

தரகர் விஷயமாக ஒரு வார்த்தை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய சர்க்காரில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு எண்ணைக் கேளுங்கள். முன்பணத்துக்கு ரசீதும் கேளுங்கள். தமிழ்நாட்டு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்று ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது, அங்கும் விசாரியுங்கள். கேள்வி கேட்டதும் தரகர் கோபித்துக்கொண்டு போய்விட்டால், அதுவே பதில்.

அம்மணி! தங்கள் பெண்ணுக்கு மூளை இல்லை என்று அவளை இனி ஒரு தடவையும் சொல்லவிடாதீர்கள். இன்று மாலையே அந்தப் பழைய அஞ்சறைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். வளையல்கள் மீளச் சற்றுக் காலம் ஆகலாம். ஆனால் அவள் கடல் கடந்து போகும் நாளில், நீட்டிய பத்திரத்தைத் தானே வாசித்து, சந்தேகமான இடத்தில் விரல் வைத்துக் கேள்வி கேட்டு, பிறகு கையெழுத்திடுவாள். அந்தக் கையெழுத்தைத் தங்கள் பெண்ணே போட்டதாகச் சொல்லலாம்.